இரண்டாம் பூச்சு

மண்டியிட்டிருக்கிறேன்.
பக்தி ஒன்றுமில்லை. சாரத்தின் மேல்தட்டில்
நிமிர்ந்தால் தலை விட்டத்தில் இடிக்கும்.
பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு
ஓர் அங்குலம், பிறகு இன்னோர் அங்குலம்,
பாதிரியார் செப்டிமஸ் கெட்ஜ் பூசிய மெழுகை
ஆறு வாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.
பஞ்சு ஒவ்வொன்றும் தேநீர் நிறத்தில் வருகிறது.

கீழே மிசஸ் கிளாபர்ன் ஞாயிற்றுக்கிழமைப் பூக்களை அடுக்குகிறாள்.
"தூதன் கிடைத்தானா?" என்கிறாள் தினமும்,
தொலைந்த பூனையை விசாரிப்பதுபோல.
"முழங்கை வரைக்கும்."

வயலும் வவ்வாலும் சூழ்ந்த சஃபோக்கின் மூலையில்
இந்தச் சக்கிமுக்கிக் கல் கோயிலுக்கு
கெட்ஜ் நாற்பத்தொரு வருடம் பாதிரி.
எபிரேயம் தெரியும், பழைய சாக்சன் தெரியும்.
பிரசங்கம் கேட்கப் பதினாறு பேர்,
அதில் மூவருக்குக் காது கேட்காது.
மிச்சப் பொழுதெல்லாம் சேகரத்தின் வரலாறு எழுதினார்.
எழுதி முடிக்கவில்லை.

இரும்புப் பெட்டியில்
எலி விட்டுவைத்த கணக்கேட்டில் ஒரு நாள் கண்டார்,
ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தெட்டு:

சுவருக்கு வெள்ளையடித்த வகையில்
ரெய்னல்ட் தேக்கருக்கு மூன்று ஷில்லிங் நாலு பென்ஸ்.

அதற்குக் கீழே, வேறு மையில்:

உருவங்கள் இன்னும் தெரிவதால்
மறுபடி அடிக்க, எட்டுப் பென்ஸ்.

அன்றிரவு அவர் தூங்கவில்லை.
விடியுமுன் ஏணி, லாந்தர்,
சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்த வெண்ணெய்க் கத்தி.

முந்நூறு வருடச் சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர
முதலில் ஒரு பாதம். பிறகு தராசு.
ஒரு தட்டில் ஒடுங்கி உட்கார்ந்த அம்மண ஆன்மா,
மறுதட்டில் தொங்கிக் கனம் கூட்டும் குட்டிச்சாத்தான்கள்,
மிகாவேல் கண்டும் காணாமல் நிற்க
ஆன்மாவின் பக்கத்துக் கோல்மேல்
ஜெபமாலையை நைசாக வைக்கும் மரியாள்.

சந்தையில் எடைக்கள்ளம் செய்தவனைத்
தொழுமரத்தில் பூட்டிய ஊர்
இந்த ஒரு கள்ளத்தைச் சுவரில் எழுதி வைத்து
அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டிருக்கிறது.

கெட்ஜ் அழுதார். அழுதுகொண்டே மேலே ஏறினார்.
மிகாவேலின் முகம் இருந்த இடத்தில்
கத்தி ஒரு மயிரிழை ஆழமாய்ப் போயிற்று.
நாட்குறிப்பில் அன்றைக்கு ஒரே வரி, லத்தீனில்.
வெட்கமானது எல்லாமே அவருக்கு லத்தீனில்தான்.
மிஞ்சியதையாவது காப்பாற்ற
மெழுகை உருக்கி, டர்பன்டைன் கலந்து
தன் கையாலேயே பூசினார், மூன்று கோட்டு.
மூச்சு முட்டிய சுவர் உள்ளே வியர்த்து
நூற்றைம்பது வருடமாக
நிறத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

தேக்கருக்கு எழுத்து தெரியாது.
கூலி வாங்கியதற்கு ஒரு சிலுவைக் கீறல் மட்டும்.
மறைக்கத்தான் வந்தான், மறைத்தான்,
அவன் தூரிகை பட்ட இடத்தில் ஒரு வண்ணமும் சாகவில்லை.
மரியாளின் கைமேல் மட்டும்
இரண்டாம் பூச்சும் மெலிசு,
மோர் தெளித்த மாதிரி.
சோம்பலா, சுண்ணாம்பு தீர்ந்ததா, வேறெதுவுமா,
என் அறிக்கையில் அதற்குப் பத்தி இல்லை.

சேதத்தின் காரணம் என்றொரு கட்டம் உண்டு.
அன்பு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, மெழுகு.

இன்று பிற்பகல் மாலையின் ஏழாவது மணி தெளிந்தது.
சிவப்பு. எதிர்பார்த்ததைவிடச் சிவப்பு.
கெட்ஜ் வரைந்த படத்தில் தட்டுகள் இரண்டும் சமம்.
என் கண்ணுக்கு, ஆன்மா இருக்கும் தட்டு
ஒரு நூல் தாழ்ந்திருக்கிறது.
கீழே எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

"சுவர் சரிந்திருக்கும்," என்றாள் மிசஸ் கிளாபர்ன்,
பூத்தண்டு ஒன்றை நறுக்கியபடி.
"இங்கே எல்லாம் களிமண்."